வேலிக்கு அப்பால் முட்டை ஓடு

மலாயாவின் கோலா கெத்தில் ஊரில் வைத்தியம் தெரியாத ஆள் ஒருவர்கூட இல்லை என்பது, பஷீர் மகனுக்குக் கரப்பான் புண் வந்த பிறகுதான் தெரிந்தது. பஷீருடைய சாப்பாட்டுக்கடைக்குப் பசியாற வருகிறவர்கள் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்ப்பதற்குள் ஆளுக்கொரு யோசனை சொல்லிவிடுவார்கள். "கத்திரிக்கா குடுக்காதீங்க பாய், அதான் கரப்பான் பண்டம்" என்பார் ஒருவர். "கருவாட்டு வாடையே ஆகாதுலா" என்பார் அடுத்தவர். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் மருதம்மாள், பருப்புதான் காரணம் என்று தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். இப்படி ஆளுக்கொரு பண்டத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு, சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்கள். பட்டினி கிடந்தது மூன்று வயதுப் பையன்.

பையன் பெயர் முகம்மது கவுஸ். முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கழுத்தைச் சுற்றியும் அவன் தோல் சிவந்து வெடித்து நீர் கசியும். தூக்கத்தில்கூடச் சொறிவான். அவன் தாய் ஹமீதா பழைய வேட்டியைக் கிழித்து, இரண்டு கையிலும் உறைபோலக் கட்டிவிட்டுப் பக்கத்தில் படுப்பாள். விடிந்து பார்த்தால் துணியில் ரத்தம் இருக்கும். பெற்றவள் வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று சொல்லவா வேண்டும்?

ஹமீதா பிடிவாதக்காரி. பொய் என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. அவள் முதன்முதலில் நிறுத்தியது முட்டையைத்தான். ஒருநாள் முட்டை தின்ற சூட்டோடு பையன் உதட்டைத் தேய்த்துக்கொண்டு அழுததைப் பார்த்தாள். "இனிமே இவனுக்கு முட்டை கிடையாது" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். ஆனால் கரப்பான் குறையவில்லை. சரி, முட்டையாக இருக்காது, வேறென்னவோ இருக்கிறது என்று இறாலை நிறுத்தினாள். அப்புறம் மீன், கத்திரிக்காய், பருப்பு. ஒவ்வொன்றையும் நிறுத்திவிட்டு, தோல் ஆறுகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். ஆறாது. அடுத்ததை நிறுத்துவாள். கடைசியில் பாலையும் நிறுத்தினாள். அதற்குப் பிறகு பையனுக்கு மிச்சமிருந்தது உப்புப் போட்ட அரிசிக் கஞ்சிதான்.

ஏன் எதை நிறுத்தியும் ஆறவில்லை? காரணம் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது. பஷீர் தினமும் தன் கையால் அதை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

அவனைக் கெட்டவன் என்று நினைத்துவிட வேண்டாம். ஊரார் வயிற்றை நிரப்புவதுதான் அவன் தொழில். அப்படிப்பட்டவனின் சொந்தப் பிள்ளை மேசைக்கடியில் நின்று, அடுத்தவன் தட்டை அண்ணாந்து பார்த்தால் தகப்பனுக்கு எப்படி இருக்கும்? முட்டையை நிறுத்திய மறுவாரமே, ஒரு தோட்டத் தொழிலாளி தம் தட்டிலிருந்த முட்டைத் துண்டைக் கிள்ளிப் பையனிடம் நீட்டினார். ஹமீதா அடுப்படியிலிருந்து ஓடி வந்து தட்டிவிட்டாள். பையன் கீழே விழுந்த துண்டையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்குப் பஷீர் மனசுக்குள் ஏதோ அறுந்துபோனது. பெண்டாட்டியோடு சண்டை போட அவனுக்குத் தெம்பில்லை. அதனால் களவாகக் கொடுக்கத் தொடங்கினான். முட்டையில் இருக்கும் பலம் வேறு எதிலும் இல்லை என்பது அவன் எண்ணம். பலம் ஏறினால் கரப்பான் தானாக இறங்கிவிடும் என்று நம்பினான்.

காலையில் ஊரடங்கு நீங்கியதும் பஷீர் கடைக்கு முட்டை அவிப்பான். அதில் ஒன்றை ஓட்டோடு மடியில் சொருகிக்கொண்டு, பையனைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போவான். முகம் கழுவிவிடப் போகிறான் என்று ஹமீதா நினைத்துக்கொள்வாள். கிணற்றுக்குப் பின்னால் முள்கம்பி வேலி. கம்யூனிஸ்டுகளோடு சண்டை மூண்டு அவசரகாலம் வந்தபிறகு ஊரைச் சுற்றி வெள்ளைக்கார அரசாங்கம் போட்ட வேலி அது. வேலிக்கு அப்பால் ரப்பர் மரங்கள், அதையும் தாண்டினால் காடு. காட்டுக்குள் துப்பாக்கியோடு திரிகிறவர்களுக்கு ஊரிலிருந்து ஒரு வாய்ச் சோறு போய்விடக் கூடாது என்று எங்கே பார்த்தாலும் கெடுபிடி. ஒரு பிடி அரிசியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினாலும் ஜெயில்தான். பால் டின் விற்றால்கூட, யாரும் காட்டுக்குக் கடத்திச் சேர்த்துவைக்க முடியாதபடி மூடியில் ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும்.

அந்த வேலியோரம் குந்தி, பஷீர் முட்டையை உரித்து மகன் கையில் வைப்பான். பையன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தின்பான். ஓட்டைக் கிணற்றடியில் போட்டால் ஹமீதா கண்ணில் படும். ஆகவே பஷீர் அதைக் கைக்குள் நொறுக்கி, கம்பிக்கு இடையே கையை விட்டு அந்தப் பக்கம் எறிந்துவிடுவான்.

"அம்மாட்டச் சொல்லக் கூடாது, என்ன?"

"சொல்ல மாட்டேன் அத்தா" என்பான் பையன். வாயைத் துடைத்துவிடும்போது அவன் உதட்டோரம் கொஞ்சம் சிவந்திருக்கும். கழுத்தைச் சொறிவான். எந்நேரமும் சொறிகிற பிள்ளைதானே என்று பஷீர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

கண்டுகொண்டது பட்டாளம். வேலிக்கு வெளியே ரோந்து போனவர்கள் ஓரிடத்தில் மட்டும் முட்டை ஓடு கிடப்பதைப் பார்த்தார்கள். மறுபடி போனபோது புது ஓடு கிடந்தது. அவித்த முட்டையின் ஓடு. காட்டிலிருந்து யாரோ வேலியோரம் வந்து, ஊருக்குள்ளிருந்து கை நீட்டுகிறவனிடம் முட்டை வாங்கி அங்கேயே தின்றுவிட்டுப் போகிறான் என்று கணக்குப் போட்டார்கள். ஒரு காலையில் ரப்பர் மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்து பார்த்தார்கள். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் கம்பிக்கு இடையே ஒரு கை நீண்டது. அது பஷீரின் கை.

போலீஸ் நிலையத்தில் விசாரித்தவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. அவர் கேட்பதைத் தமிழில் சொல்லக் குழந்தைவேலு என்ற மொழிபெயர்ப்பாளர் இருந்தார். பஷீர் கடையில் பலநாள் பசியாறியவர்தான். ஆனால் அன்றைக்கு நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"முட்டைய யாருக்குய்யா குடுத்தேன்னு துரை கேக்குறாரு."

"எம் மவனுக்குத்தான். அல்லா மேல ஆணையா சொல்றேன். அவனுக்குக் குடுத்துட்டு ஓட்டை அந்தாண்ட எறிஞ்சேன்."

"சொந்த மவனுக்கு முட்டை குடுக்க ஏன்யா வேலியோரம் ஒளியணும்?"

"வீட்டுல பத்தியம் வச்சிருக்கா. அவளுக்குத் தெரியக் கூடாதுன்னுதான்."

துரை யோசித்தார். ஆள் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஹமீதாவைப் பையனோடு அழைத்துவரச் சொன்னார். புருஷன் என்ன சொன்னான் என்பது அவளுக்குத் தெரியாது. "உங்க பையன் முட்டை தின்பானாம்மா?" என்று குழந்தைவேலு கேட்டார். எந்தப் பதில் சொன்னால் வீடு பிழைக்கும், எந்தப் பதில் சொன்னால் மூழ்கும் என்று பார்த்துப் பேசுகிறவளாக இருந்தால் கொஞ்சம் தயங்கியிருப்பாள். ஹமீதாவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

"அவன் வாயில முட்டை பட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுங்க" என்றாள். "குர்ஆன் மேல சத்தியமா சொல்றேன்."

பஷீருக்குத் தலையில் இடி விழுந்ததுபோல இருந்தது. துரை கடைசியாகப் பையனையே கேட்கச் சொன்னார். "அத்தா ஒனக்கு முட்டை குடுத்தாராடா?" என்று குழந்தைவேலு குனிந்து கேட்டார். பையன் தகப்பன் முகத்தைப் பார்த்தான், தாய் முகத்தைப் பார்த்தான். பிறகு இல்லை என்று தலையை ஆட்டினான். சொல்லாதே என்று சொல்லிக் கொடுத்தது அப்படியே பதிந்திருந்தது. அத்தோடு முடிந்தது. பஷீரை லாக்கப்பில் போட்டார்கள். கோர்ட்டு கீர்ட்டு எதுவும் வேண்டாம், அவசரகாலச் சட்டத்தில் சந்தேகம் போதும். அவன் இந்தியாவில் பிறந்தவன். கப்பலேற்றி நாடுகடத்திவிடுவார்கள் என்று லாக்கப்பில் இருந்தவர்கள் சொன்னார்கள். பெண்டாட்டியும் பிள்ளையும் இங்கேயே பிறந்தவர்கள், அவர்களை யாரும் அனுப்பப் போவதில்லை.

சில வாரம் கழித்து ஹமீதா பையனோடு பார்க்க வந்தாள். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்ற பஷீரின் கண்ணில் முதலில் பட்டது மகனுடைய கை. துணிக்கட்டு இல்லை. முழங்கை மடிப்பில் புண் ஆறி, தோல் மெல்லிசாக மூடியிருந்தது. கழுத்தில் கறுப்புத் தழும்பு மட்டும் மிச்சம். பையன் நின்ற இடத்தில் நின்றான், சொறியவே இல்லை.

"அல்ஹம்துலில்லா" என்று பஷீர் வாய்விட்டுச் சொல்லிவிட்டான். பிள்ளை ஆறிவிட்டான் என்ற சந்தோஷத்தில் அவனுக்கு அழுகையே வந்தது.

"பால்தாங்க" என்றாள் ஹமீதா. "பாலை நிறுத்தின பெறகுதான் எறங்குச்சு. இனிமே எதையும் திருப்பிக் குடுக்க மாட்டேன். கஞ்சியே போதும்."

அப்போதுதான் பஷீருக்கு உறைத்தது. பாலை அவள் நிறுத்தியது அவன் கைதாவதற்கு முந்தியே. அப்போது இறங்காத கரப்பான், அவன் உள்ளே வந்த பிறகு இறங்கியிருக்கிறது. அவன் உள்ளே வந்ததால் அந்த வீட்டில் நின்றுபோனது ஒன்றே ஒன்றுதான். கிணற்றடியும் சிவந்த உதடும் கழுத்தைச் சொறிந்த விரல்களும் கண்முன் வந்தன. ஒரு வருஷமாகத் துணியில் பார்த்த ரத்தம் முழுக்க அவன் உரித்துக் கொடுத்தது.

சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பக்கத்தில் போலீஸ்காரர் நிற்கிறார். முட்டை இவனுக்கு ஆகாது என்று தன் வாயாலேயே சொன்னால், மகனுக்குத்தான் கொடுத்தேன் என்ற பேச்சு என்னாவது? அதைவிடப் பெரிய பயம் ஹமீதாவின் முகம். அவன் தடுமாறுவதை அவள் வேறு விதமாக எடுத்துக்கொண்டாள்.

"காட்டு ஆளுங்களுக்குப் பயந்து குடுத்தீங்களோ, எரக்கப்பட்டுக் குடுத்தீங்களோ, நான் கேக்கல" என்றாள் தாழ்ந்த குரலில். "ஆனா தப்பிக்கறதுக்கு எம் புள்ளை பேரைச் சொன்னீங்க பாருங்க, அதான் எனக்குத் தாங்கல."

"ஹமீதா..."

"வேணாங்க. ஒண்ணும் சொல்லாதீங்க."

அவன் கம்பி வழியாக விரலை நீட்டிப் பையன் கன்னத்தைத் தொட்டான். கன்னம் உப்பியிருந்தது. நன்றாகத் தேறிவிட்டான் என்று அந்தக் கிறுக்கன் அதையும் நல்லதாக நினைத்துக்கொண்டான்.

அது தேறிய கன்னம் இல்லை. வெறும் கஞ்சியில் கிடந்த பிள்ளைக்கு முகமும் பாதமும் நீர் கோத்து வீங்கத் தொடங்கியிருந்தன. தலைமுடி பிடித்தால் கையோடு வந்தது. ஒருநாள் எழுந்து நிற்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஹமீதா அலறிப் புடைத்துக்கொண்டு அவனைச் சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். அங்கே டாக்டர் சீனிவாசகம் என்று ஒருவர் இருந்தார். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர். பையனின் பாதத்தில் விரலால் அழுத்திப் பார்த்தார். குழி விழுந்து, அது மேலெழும்ப நேரமானது.

"இந்தப் பிள்ளைக்கு நோய் பசிதானம்மா" என்றார். "எதெது ஆகாது என்று நிறுத்தினீங்க?"

ஹமீதா ஒவ்வொன்றாகச் சொன்னாள். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். "ஏதாவது ஒன்று இவனுக்கு ஆகாமல் இருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எல்லாமே எப்படி ஆகாமல் போகும்? நீங்கள் கண்ணால் பார்த்தது எது, ஊரார் சொன்னது எது?"

அவளுக்குள் ஊர் வாயும் தன் பயமும் எப்போதோ ஒன்றாகக் கலந்துவிட்டிருந்தன.

டாக்டர் அவளை அங்கேயே தங்கச் சொன்னார். தம் கண்ணெதிரே ஒவ்வொரு பண்டமாகத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார். முதலில் ஒரு விரல்நுனி அளவு, பொறுத்துப் பார்த்து ஒரு கரண்டி, அப்புறம் ஒரு வாய். பருப்பு கொடுத்தார், ஒன்றும் ஆகவில்லை. மீனும் இறாலும் ஒத்துக்கொண்டன. கத்திரிக்காயைப் பையன் துப்பினான், அது அவனுக்குப் பிடிக்காமல். பால் கொடுத்த அன்று ஹமீதா கட்டிலின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். பையன் டம்ளரை நக்கிவிட்டு இன்னும் கேட்டான். தோல் அப்படியே இருந்தது. மிச்சம் இருந்தது முட்டை.

டாக்டருக்கு அங்கேதான் இடித்தது. பால் இல்லையென்றால் இந்தப் பிள்ளை திடீரென்று ஏன் ஆறினான்? ஹமீதாவிடம் துருவித் துருவிக் கேட்டதில், புருஷன் லாக்கப்பில் இருப்பதும் முட்டை ஓட்டுச் சங்கதியும் வெளியே வந்தன. டாக்டர் உடனே போலீசுக்குச் சொல்லி அனுப்பினார், அந்த ஆளைக் கொண்டுவாருங்கள், பிள்ளை என்ன தின்றான் என்று அவனிடம் கேட்க வேண்டும் என்று.

பஷீரை விலங்கோடு வார்டுக்குக் கூட்டிவந்தார்கள். துரையும் வந்தார், குழந்தைவேலுவும் வந்தார். கட்டிலருகே ஒரு பீங்கான் தட்டில் அவித்த முட்டை இருந்தது. பக்கத்தில் மருந்து ஏற்றித் தயாராக வைத்த ஊசி.

"முட்டையைத்தான் இனிக் கொடுத்துப் பார்க்க வேண்டும்" என்றார் டாக்டர். "ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆனால் ஆகாத பண்டத்தைக் கொஞ்சநாள் விட்டுவிட்டு மறுபடி தின்றால், சில பிள்ளைகளுக்குத் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். நான் ஊசியோடு நிற்கிறேன். ஆனாலும் உத்தரவாதம் தர முடியாது. இவன் சமீபத்தில் முட்டை தின்றானா, தின்றபோது தோல் எப்படி இருந்தது என்று தெரிந்தால், நான் இதை இவன் வாயில் வைக்கவே வேண்டாம். தாய் இல்லையென்கிறார். நீங்கள் சொல்லுங்கள்."

துரை இடையில் ஏதோ சொன்னார். குழந்தைவேலு அதைத் தமிழில் சொன்னார். "துரை சொல்றாரு, பையன் முட்டையைத் தின்னு ஒண்ணும் ஆகலன்னா, தெனம் தின்னு பழகுனவன்னு வச்சுக்கலாமாம். நீ சொன்னது நெசமா இருக்கும்னு மேல எழுதுவாராம்."

பஷீர் தட்டைப் பார்த்தான். சும்மா இருந்தால் போதும். வாயைத் திறக்காமல் நின்றால், டாக்டர் ஒரு விரல்நுனி கொடுப்பார். ஒருவேளை ஒன்றுமே ஆகாமல் போகலாம். தன் சந்தேகமே தப்பாக இருக்கலாம், அல்லா நினைத்தால் என்னதான் நடக்காது? அப்படியானால் விலங்கு கழன்றுவிடும். கடைக்குப் போகலாம், அடுப்பு பற்றவைக்கலாம், இந்தப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தூங்கலாம். டாக்டர் முட்டையின் வெள்ளையைக் கரண்டியால் கிள்ளினார். கரண்டியைப் பார்த்ததும் பையன் வாயைத் திறந்தான்.

"வேண்டாம்!" என்று கத்திவிட்டான் பஷீர். வார்டில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "குடுக்காதீங்க டாக்டரய்யா. முட்டைதான். வேற ஒண்ணும் இல்ல, முட்டைதான். நாந்தான் தெனமும் காலையில குடுத்தேன். தின்னவொடனே ஒதடு செவக்கும், கழுத்தச் சொறிவான், ஒருநாள் வாந்திகூட எடுத்தான். நான் உள்ள போன பெறகு அவனுக்கு முட்டை கெடைக்கல. அதான் ஆறிட்டான்."

டாக்டர் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டார். இதுவும் பொய்யா, மெய்யா என்று ஹமீதா புருஷன் முகத்தைத் துழாவிக்கொண்டிருந்தாள். அப்போது கட்டிலில் இருந்த பையன், தகப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது என்று பயந்து, மெல்லச் சொன்னான்.

"நான் அம்மாட்டச் சொல்லல அத்தா."

அதற்குமேல் ஹமீதாவுக்கு எந்தச் சத்தியமும் தேவைப்படவில்லை.

குழந்தைவேலு எல்லாவற்றையும் துரைக்கு எடுத்துச் சொன்னார். பையன் சொன்னதையும் ஒரு சொல் விடாமல் சொன்னார். துரை கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். முதலில் இவன் மகனுக்கு முட்டை கொடுத்தேன் என்றான். இப்போது முட்டை மகனுக்கு விஷம் என்கிறான். தின்னத் தின்ன உடம்பு வெடிக்கிற பிள்ளைக்கு எந்தத் தகப்பன் தினமும் முட்டை கொடுப்பான்? தாய் சத்தியம் செய்திருக்கிறாள், பையனே இல்லையென்றிருக்கிறான், இப்போது சொல்வது சொல்லிக்கொடுத்த பேச்சு. அவர் சொன்னதன் சாரம் அதுதான். டாக்டர் ஆங்கிலத்தில் நெடுநேரம் மன்றாடினார். பையனின் கையில் லேசாகக் கீறி, பச்சை முட்டையின் வெள்ளையில் ஒரு சொட்டு வைத்துக் காட்டினார். வைத்த இடம் கொசு கடித்ததுபோலத் தடித்துச் சிவந்து அகன்றது. துரை அதைக் குனிந்து பார்த்தார். முட்டை இந்தப் பையனுக்கு ஆகாது என்பதை நானும் நம்புகிறேன், அதனால்தான் தகப்பனை நம்பவில்லை என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

பிள்ளையைக் காப்பாற்றிய அதே வார்த்தை தகப்பனைக் கவிழ்த்தது. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

ஹமீதா பஷீர் முன்னால் வந்து நின்றாள். அடித்துவிடுவாள் என்றுதான் அவன் நினைத்தான்.

"ஒரு வருஷம்" என்றாள். "அவன் பசிக்குதுன்னு எங் காலைக் கட்டிக்கிட்டு அழுவான். நான் குடுக்க மாட்டேன். மீனை நிறுத்தினேன், பாலைக் கொட்டினேன். எல்லாம் எதுக்கு? மொத நாளே நான் சரியாத்தாங்க சொன்னேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீங்க?"

"தப்புதான் ஹமீதா."

"உங்கள என்னால மன்னிக்க முடியாது" என்றாள். உடனே துரை போன பக்கம் திரும்பினாள். "ஆனா நான் பண்ணின சத்தியம் தப்புன்னு போய்ச் சொல்றேன். திருப்பி எழுதிக்கட்டும்."

"போகாத" என்றான் பஷீர். "இப்ப மாத்திச் சொன்னா, பொய்ச் சத்தியம் பண்ணினேன்னு உன்னையும் உள்ள வைப்பானுங்க. ரெண்டு பேரும் உள்ள போயிட்டா இவனுக்கு யாரு சோறு குடுப்பா? எது ஆகும் எது ஆகாதுன்னு யாருக்குத் தெரியும்? நமக்கு ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தராவது வெளிய இருக்கணும்."

அவள் கதவருகே போய் நின்றாள். துரையின் காலடிச் சத்தம் தாழ்வாரத்தில் தேய்ந்து மறையும்வரை நின்றுகொண்டே இருந்தாள். போகவில்லை.

நாடுகடத்தும் உத்தரவு வந்துவிட்டது. பினாங்கிலிருந்து கப்பல். அதற்கு ஆட்களை ஏற்றிப் போகிற லாரி புறப்படும் காலையில், குடும்பத்தார் பார்க்கலாம் என்று வாசலில் கொஞ்சநேரம் விட்டார்கள். ஹமீதா பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். பையனுக்குப் பாத வீக்கம் வடிந்திருந்தது. தலையில் புதுமுடி முளைத்திருந்தது. முழங்கை மடிப்பு வழவழவென்று இருந்தது. பஷீர் அந்த மடிப்பில் மூக்கை வைத்து முகர்ந்தான். பிள்ளை உடம்பில் இத்தனை நாள் இருந்த அந்தப் புண் வாடை இல்லை.

"எல்லாம் குடுக்கறேன்" என்றாள் ஹமீதா. "மீனு, பருப்பு, பாலு. நேத்து ரெண்டு தடவை சோறு கேட்டான். முட்டை மட்டும் கடையிலயே வைக்கறதில்ல. வர்றவங்க கேட்டா இல்லன்னு சொல்லிடறேன்."

"நல்லது."

வார்டில் அன்று பேசியதற்குப் பிறகு அவள் அவனிடம் கோபமாகவும் பேசவில்லை, பிரியமாகவும் பேசவில்லை. லாரியில் ஏறச் சொல்லிப் போலீஸ்காரர் தோளைத் தொட்டார். பஷீர் ஏறிப் பின்பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இஞ்சின் உறுமத் தொடங்கியதும் ஹமீதா சட்டென்று லாரியை நெருங்கி வந்தாள்.

"ஏங்க, அந்த முட்டைய அவன் ஆசையாவா தின்னான்?"

பஷீர் அவளைப் பார்த்தான். அவள் குத்திக்காட்டக் கேட்கவில்லை. தன் கையால் ஒரு வருஷம் பட்டினி போட்ட பிள்ளையைப் பற்றித் தாய் கேட்கிறாள்.

"ஆசையாத்தான் தின்னான்" என்றான். "வெள்ளைய மொதல்ல தின்னுடுவான். மஞ்சக்கருவ கையில வச்சுக்கிட்டு, தீர்ந்துடுமேன்னு கொஞ்சம் கொஞ்சமா கடிப்பான்."

ஹமீதா பையனை இறுக்கிக்கொண்டு, அத்தனை பேர் முன்னால் வாய்விட்டு அழுதாள். லாரி நகர்ந்தது.